கப்பல் வாங்கிடலாம், தீனி போடணுமே!

மணியாச்சி ஜங்ஷன் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1911 ஜூன் 17. கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட நாள். ஸ்டேஷன் பெயரே இப்போது வாஞ்சி மணியாச்சிதான். அந்தத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு கப்பல் கதை உண்டு. கொஞ்சம் பணத்தோடு கடலில் இறங்க ஆசைப்படுகிற எவருக்கும் உதவும் கதை.

மணியாச்சிக்குக் கிழக்கே, அதே கரிசல் மண்ணில் இருக்கிறது ஒட்டப்பிடாரம். 1872-ல் அங்கே பிறந்த வ.உ.சி., 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள்.

கையில் காசு குறைவு. அதனால் முதலில் வாடகைக் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நெருக்கவே, வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து இன்னொன்றை எடுத்துச் சமாளித்தார். அடுத்தவன் கப்பலை நம்பித் தொழில் செய்ய முடியாது என்று புரிந்ததும் பம்பாய்க்குக் கிளம்பினார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். ஆனால் கப்பலை ஒரு தடவை வாங்கினால் போதும். நிலக்கரி, சம்பளம், பழுது எல்லாம் தீராத செலவு. எதிராளி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனான். கடைசியில் இலவசப் பயணமும் கூடவே ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள்! 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். அப்போது தூத்துக்குடியில் சுதேசிகளை ஒடுக்கிய அதிகாரிகளில் ஆஷும் ஒருவர். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

சரி, இன்றைக்குப் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கி ஊர் சுற்ற நினைக்கிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? யானையை வாங்குவது பெரிதில்லை, கட்டித் தீனி போடுவதுதான் பெரிது. இருக்கிற பணம் முழுவதையும் விலையாகவே கொடுத்துவிடக் கூடாது. ஒரு பங்கைப் பழுதுக்கென்று எடுத்து வைக்க வேண்டும். படகின் நீளம் கூடக் கூட பாய், கயிறு, பெயிண்ட், நிறுத்தும் வாடகை எல்லாமே கூடும். அதனால் பெரிய ஓட்டைப் படகைவிட சின்ன நல்ல படகு மேல்.

கரையேற்றி அடிப்பாகத்தைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம், உங்கள் செலவில் ஒரு சர்வேயரை வையுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எத்தனை வருஷப் பழசு என்று கேளுங்கள். நீங்கள் போகும்போதே என்ஜின் சூடாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஆறிய என்ஜின் கிளம்புகிறதா என்பதுதான் பரீட்சை.

வ.உ.சி.க்கு எதிரே ஒரு சாம்ராஜ்யமே நின்றது. படகு வாங்குகிறவருக்கு எதிரி உப்புத் தண்ணீர் மட்டும்தான். ஆனால் அதுவும் லீவு எடுக்காது!