சோதனைக்கு முந்திய சோதனை

சென்ற பங்குத் திருவிழாவன்று, பூசை முடிந்ததும், கோவில் மண்டபத்தில் நடைபெற்ற இரத்ததான முகாமுக்கு மகனோடு சென்றோம். "கடந்த ஓராண்டுக்குள் பச்சை குத்திக்கொண்டதுண்டா?" என்று படிவத்தில் ஒரு கேள்வி. மகனின் பேனா அங்கே நின்றுவிட்டது. சட்டைக் கைக்குள் அவன் மறைத்திருந்தது எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"எப்படியும் இரத்தத்தைச் சோதிப்பார்களே, இல்லையென்று எழுதிவிடு" என்று சொல்ல வாயெடுத்தோம். பங்கு மக்கள் காண அவன் திரும்பிப் போவது எங்களுக்கு வெட்கமாயிருந்தது.

அருகில் நின்ற கன்னியர், செவிலியராகையால், பொறுமையுடன் விளக்கினார். நம் நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். தானமாகப் பெறும் இரத்தத்தில் அதனைத் தேடுவது 1989-இல் கட்டாயமாயிற்று. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி வைரசுகளையும் இன்று தேடுகிறார்கள்; சி வைரசுச் சோதனை 2001-இல் கட்டாயமானது. ஆயினும், அசுத்தமான ஊசியால் வைரசு உட்புகுந்த தொடக்க நாட்களில் எந்தச் சோதனைக்கும் அது தப்பிவிடக்கூடும். அந்த இடைவெளியில் நோயாளிக்குக் காவல், கொடுப்பவர் சொல்லும் உண்மையே.

மகன் "ஆம்" என்றெழுதிக் கொடுத்துவிட்டு, தலைகுனிந்து எழுந்தான். வாசல்வரை அவனோடு நடந்தோம். பின் திரும்பி வந்து எங்கள் இரத்தத்தைக் கொடுத்தோம்.

முகமறியா நோயாளி ஒருவருக்கு அன்று அவனும் கொடுத்தான் என்றே எண்ணுகிறோம். சொல்ல வாயெடுத்த அந்தப் பொய்யை, அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் நாங்கள் மறக்கவில்லை.