ஒத்தாசை

ஆங்கிலத்தில் ‘ஹெல்ப்’ என்ற வினைக்கு மாற்றுச் சொல் கேட்டால், பள்ளிப் பிள்ளைகளே ‘எய்டு’, ‘அசிஸ்ட்’ என்று ஒப்பித்துவிடுவார்கள். ‘அபெட்’ என்பதும் அந்த வரிசைதான். ஆனால் அதை 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் குற்றத்தோடு கட்டிப்போட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அவிழ்க்கவில்லை. நம் மொழியில் அதற்கு ‘உடந்தை’ என்று பெயர். உதவியவருக்கு மாலை, உடந்தையானவருக்கு விலங்கு!

தமிழிலும் இவ்வினைக்குச் சொற்கள் குறைவில்லை. ‘சகாயம்’ இன்று பெரும்பாலும் ‘சகாய விலை’யில்தான் உயிர் தரித்திருக்கிறது. ‘உபகாரம்’ என்றாலே கொடுப்பவர் ஒரு படி மேலே நிற்கிறார். ‘உதவி’யிலும் அந்தச் சாய்வு கொஞ்சம் உண்டு என்பது எங்கள் எண்ணம். இலஞ்சியில் எங்கள் வீட்டில் புழங்கியது ‘ஒத்தாசை’. சாரல் காலத்தில் கார் நடவுக்குப் போவதும், கல்யாண வீட்டில் காய் நறுக்க உட்காருவதும் ஒத்தாசைதான். இன்று நீர், நாளை நாம்.

(இலஞ்சி என்ற சொல்லுக்கு அகராதிகள் மகிழமரம் என்றும் குளம் என்றும் பொருள் தருகின்றன. வள்ளுவர் ஒப்புரவுக்கு உவமை தேடியபோது அவருக்கு அகப்பட்டதும் ஊருணிதான்.)

அம்மாவுக்கு எழுபது வயது கடந்த பிறகு, “உதவி பண்ணட்டுமா?” என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். “என்னால ஆகாதுன்னு முடிவே கட்டியாச்சா?” என்பார். “சும்மா ஒரு ஒத்தாசைக்கும்மா” என்று சொன்னால் மட்டும், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தவலையின் ஒரு பக்கத்தை எங்களிடம் விடுவார். மறுபக்கம் கடைசிவரை அவர் கையில்தான்.