மாமன் வைத்த கைநாட்டு

"எவ்ளோ கட்டினா புள்ளைய வுடுவாங்க சார்?" வல்லத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்த அந்த அம்மாவின் முதல் கேள்வி அதுதான். லைசென்ஸ் இல்லாத பயத்தில் மகன் திண்டிவனம் சாலையில் வண்டிச் சோதனைக்கு நிற்காமல் காரை விரட்டியிருக்கிறான். தடுப்பை இடித்தபோது காவலர் ஒருவர் துள்ளி விலகித் தப்பினார். பையன் ரிமாண்டில் வேடம்பட்டு சிறைக்குப் போய்விட்டான்.

அமெரிக்காவில் ஜாமீன் தொகையில் சுமார் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு பிணை எழுதித் தரும் கம்பெனிகள் உண்டு. நம் சட்டத்தில் அந்த வியாபாரம் இல்லை. இங்கே பிணை நிற்க ஆள் வேண்டும்.

தாறுமாறாக ஓட்டியதற்கான பாரதிய நியாய சன்ஹிதா 281-ஆம் பிரிவு மட்டும் என்றால் ஜாமீன் உரிமை. காவலரைப் பணி செய்யவிடாமல் தடுக்கப் பலத்தைப் பிரயோகித்ததாக 132 சேர்ந்துவிட்டால், நீதிமன்றம் பார்த்துத்தான் தர வேண்டும். இந்தப் பையனுக்கு இரண்டும் இருந்தன. சில நாளில் ஜாமீன் கிடைத்தது: தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தார், ஒருவர் ரத்த உறவு.

உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. தாய்மாமன் வயலில் மணிலாக்கொட்டை பிடுங்குவதை நிறுத்திவிட்டு, சிட்டா, ஆதார், ரேஷன் கார்டோடு வந்தார். காசுக்கு ஷூரிட்டி நிற்க, போலி வரி ரசீதோடு ஆட்கள் கிடைப்பார்கள். அந்த வழியை நான் யாருக்கும் காட்டியதில்லை. பிடிபட்டால் பையனின் ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும். கையெழுத்துக்கு முன் மாமனிடம் சொன்னேன்: "பையன் வாய்தாவுக்கு வரலைன்னா இந்தப் பத்தாயிரத்தை உங்ககிட்ட கேப்பாங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வருவான் சார், நான் இட்டாறேன்" என்றபடி மண் ஒட்டிய இடது கட்டைவிரலை மையில் வைத்தார். முச்சலிக்கை என்னும் பிணைப் பத்திரத்தில் இருந்த உறுதி எனக்கு அந்த வார்த்தையில்தான் தெரிந்தது.

அப்படி ஒரு மாமன் இல்லாதவர்கள், ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே கிடக்கிறார்கள். 1978-இல் மோத்தி ராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதையும், வேறு மாவட்டத்தில் இருந்த அவருடைய சகோதரரை ஜாமீன்தாராக ஏற்க மறுத்ததையும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கண்டித்தார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: ஜாமீன் ஆணை வந்து ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், தயவுசெய்து வட்டிக்குப் பணம் தேடி ஓடாதீர்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவிடம் முதலில் போங்கள். அங்கே வழக்கறிஞருக்குக் கட்டணம் கிடையாது.