எத்தனை பேர்?

ஜப்பானிய மொழியில் எதையும் சும்மா "ஒன்று, இரண்டு" என்று எண்ணிவிட முடியாது. எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன வால் ஒட்ட வேண்டும். எண்ணப்படுவது எப்படிப்பட்டது என்பதை அந்த வால் சொல்லும். பென்சில், குடை, வாழைப்பழம் மாதிரி நீளமாக இருந்தால் 'ஹோன்'. காகிதம், சட்டை, தட்டு மாதிரி தட்டையாக இருந்தால் 'மாய்'. புத்தகத்துக்கு 'சத்ஸு', பூனைக்கும் மீனுக்கும் 'ஹிகி'. இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவற்றுக்கென்றே அகராதி போட்டிருக்கிறார்கள். இயிதா அசகோ என்ற அம்மையார் தொகுத்து 2004-ல் வந்த அகராதி அங்கே பெயர் பெற்றது.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. வெற்றிலைக்குக் கவுளி, பூவுக்கு முழம், வாழைப்பழத்துக்குச் சீப்பு, தார். ஆனால் "பத்து பழம் குடும்மா" என்றாலும் கடைக்காரம்மா கொடுத்துவிடுவார். ஜப்பானில் வால் இல்லாமல் எண்ணினால் பேச்சு முடமாகிவிடும்.

எழுபதைத் தாண்டியவனுக்கு ஜப்பானிய மொழி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பேத்தி வேலைக்காகப் படிக்கிறாள். அவளுக்குப் பாடம் ஒப்பிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, எனக்குப் பொழுது போக வேண்டியிருந்தது. அவள் இங்கிலீஷ் புத்தகம் வைத்துப் படிக்கிறாள். நான் பிரெஞ்சில் எழுதிய ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு பின்னாலேயே போகிறேன். எங்கள் தலைமுறையில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு எதைப் படித்தாலும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

பிரெஞ்சில் எல்லாமே ஆணோ பெண்ணோதான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மேஜை பெண், சுவர் ஆண். கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கும் விலக்கு இல்லை. பயம் பெண், துணிச்சல் ஆண். ஏன் என்று கேட்கக் கூடாது, மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். அந்தப் பழக்கத்தில்தான் ஜப்பானிய வால்களையும் மனப்பாடம் செய்யப் புறப்பட்டேன். பொருள்கள் வரைக்கும் சுலபமாகப் போயிற்று. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. நீளம், தட்டை என்று பார்த்து எண்ணுவது சரி. உருவமே இல்லாததை எப்படி எண்ணுவது? பிரச்சினை, காரணம், ஆசை, தொலைபேசி அழைப்பு, மரணம்?

பேத்தி சொன்னாள்: "தாத்தா, தெரியலேன்னா 'த்ஸு' போடுங்க. எல்லாத்துக்கும் ஆகும்."

அவள் சொன்னது சரிதான். 'ஹிதொத்ஸு, ஃபுதாத்ஸு' என்று போகும் பழைய நாட்டு எண்கள் உருவமில்லாதவற்றுக்குத் தாராளமாக இடம் கொடுக்கின்றன. காரணம் ஒன்று, ஆசை இரண்டு, பிரச்சினை மூன்று, எல்லாம் 'த்ஸு'தான். ஆனால் இந்த வால் ஒன்பதோடு நின்றுவிடும். பத்துக்குத் தனிச் சொல் உண்டு, பதினொன்றிலிருந்து இந்த வழியே இல்லை. பதினோராவது ஆசை உள்ளவர் வேறு வாலைத் தேட வேண்டும். எனக்கு இது பிடித்திருந்தது.

இளைஞர்கள் இப்போது எதற்கெடுத்தாலும் 'கோ' போடுகிறார்களாம். முட்டை, ஆப்பிள் போன்ற உருண்டைச் சாமான்களுக்கு உரிய வால் அது. "அவர் என்னைவிட ஒரு வயசு பெரியவர்" என்பதற்கு "ஒரு கோ மேலே" என்கிறார்கள். வயது என்ன முட்டையா என்று அங்கே பெரியவர்கள் முகம் சுளிப்பது உண்டு. அந்தப் பெரியவர்களோடு எனக்கு உடனே ஒரு ஒட்டுதல் ஏற்பட்டுவிட்டது.

'ஹோன்' சங்கதி இன்னும் சுவையானது. நீளப் பொருளுக்கான இந்த வால் தொலைபேசி அழைப்புக்கும் வரும். ஒயர் நீளமாயிற்றே என்று சமாதானம் சொல்லலாம். இன்று ஒயர் ஏது? இருந்தாலும் அழைப்பு இன்னும் 'இப்பொன்'தான், அதாவது ஒரு ஹோன். சினிமாவுக்கும் ஹோன், பிலிம் சுருள் நீளமாக இருந்த காலத்து வழக்கு. பேஸ்பால் ஆட்டத்தில் மைதானத்தைத் தாண்டிப் போகும் அடிக்கும் ஹோன். சதஹாரு ஓ என்ற ஆட்டக்காரர் தன் வாழ்நாளில் 868 அடித்தார், அத்தனையும் ஹோன் கணக்குத்தான். பந்து வானத்தில் இழுத்துப் போகும் கோட்டை எண்ணுகிறார்களோ என்னவோ. ஜூடோவில் எதிராளியை மல்லாக்கத் தள்ளி ஒரே வீச்சில் ஜெயிப்பதற்கும் 'இப்பொன்' என்றே பெயர். ஜார்ஜ் லேக்காஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1987-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த ஒரு வாலை வைத்தே மனித மனம் பொருள்களை எப்படிக் கூட்டம் பிரிக்கிறது என்று அலசியிருக்கிறார்.

ரயில் விஷயத்தைப் பாருங்கள். பெட்டிகளை எண்ண ஒரு வால், ஆனால் "ஒரு ரயிலை விட்டுவிட்டேன், அடுத்ததில் வருகிறேன்" என்றால் அது ஹோன். அங்கே எண்ணுவது இரும்பை அல்ல, கால அட்டவணையில் ஓடும் ஒரு கோட்டை.

முப்பத்தோரு வருஷம் ஃபைல் கட்டிய எனக்கு மிகவும் நெருக்கமாகப் பட்டது 'கென்'. விபத்து, குற்றம், ஒப்பந்தம், விசாரிப்பு, புகார், இவையெல்லாம் கென். நடந்து முடிந்த ஒன்று, எவரோ கவனித்துத் தீர்க்க வேண்டிய ஒன்று என்றால் அதற்குக் கென். நம் ஆபீஸ் தமிழில் 'இனம்' என்போமே, "நிலுவையில் உள்ள இனங்கள் 14" என்று, அதன் உடன்பிறப்பு. தணிக்கைக்காரர்கள் தங்கள் ஆட்சேபணைகளைப் 'பாரா' கணக்கில் எண்ணுவார்கள். "உங்க செக்ஷன்ல எத்தனை பாரா பெண்டிங்?" என்று கேட்டால் வயிற்றில் புளி கரைக்கும். குற்றத்தைப் பத்தி கணக்கில் எண்ணும் நாம் ஜப்பானியரைப் பார்த்து ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கென் என்ற எழுத்தை எழுதும்போது இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் மாடு. இதே எழுத்தைக் 'குதான்' என்று படித்தால் அது ஒரு கிராமத்து விநோதப் பிராணி. பசு வயிற்றில் மனித முகத்தோடு பிறக்கும், வரப்போகும் பஞ்சத்தையோ கொள்ளை நோயையோ சொல்லும், சில நாளில் செத்துவிடும். சொன்னது பொய்க்காது. 1836-ல் இப்படி ஒன்று தோன்றியதாகப் படம் போட்டுத் தெருவில் தாள் விற்றிருக்கிறார்கள். பழைய ஜப்பானியப் பத்திரங்களின் கடைசி வரியில் "குதான் போல" என்ற பொருள்பட முடிப்பது வழக்கம். அந்த மாடு பொய் சொல்லாதது போல இந்தப் பத்திரமும் பொய்க்காது என்று ஜனங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அந்த வரி மாட்டுக் கதையைவிட மிகப் பழையது. "மேற்கண்டபடி" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் "மேற்படியார்", "மேற்படி நிலம்" என்று ஆயுசு முழுக்க எழுதியவனுக்கு, மேற்படிக்குப் பின்னால் ஒரு மாடு நிற்பதில் தனி சந்தோஷம்தான்.

நேரத்தையும் தடவையையும் எண்ணுவதில் நுட்பம் அதிகம். 'காய்' என்றால் தடவை, 'தோ' என்றாலும் தடவை. பேத்தியின் புத்தகம் இரண்டும் ஒன்றுதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அது போதாது. திரும்பத் திரும்ப நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்குக் காய் பொருந்தும். மூன்றாவது கூட்டம், ஐந்தாவது வகுப்பு என்கிற மாதிரி. அடுத்தது உண்டா என்று சொல்ல முடியாததற்குத் தோ. ஒருவருடைய மறுமணத்தைச் சொல்லும்போது காய் போட்டால் இன்னும் சில பாக்கி இருப்பது போலத் தொனிக்கும், தோ போடுவதுதான் மரியாதை. "இனி ஒருபோதும் மாட்டேன்" என்று சத்தியம் செய்யவும் தோதான் வரும். நேர்ப்பொருளில் "இரண்டாம் தரம் இல்லை". "பேரன் பரீட்சையில எத்தனாவது காய், எத்தனாவது தோ?" என்று நான் கேட்டதற்குப் பேத்தி தம்பியின் மானத்தைக் காப்பாற்றிப் பதில் சொல்லவில்லை.

பிறகு சில வால்கள் இருக்கின்றன, அவை ஒன்றைத் தாண்டி எண்ணவே எண்ணாது. நம்பிக்கையை 'இச்சிரு' என்பார்கள், ஒரு நூலிழை நம்பிக்கை. மனக்கலக்கத்துக்கு 'இச்சிமத்ஸு', ஒரு தடவை பூசின அளவு. இரண்டு இழை நம்பிக்கை, மூன்று பூச்சுக் கலக்கம் என்று யாரும் சொல்வதில்லை. பிரெஞ்சில் நம்பிக்கைக்கு ஒரு 'லுவெர்', மங்கலான வெளிச்சம். புத்திக்கு ஒரு 'ஓன்ஸ்', தட்டான் தராசில் நிறுக்கிற மாதிரி. நாம் துளி, கீற்று, எள்ளளவு, இம்மியளவு என்போம். இம்மி என்பது நம் பழைய கீழ்வாய்க் கணக்கில் வருகிற மிகச் சின்ன பின்னம். இன்று கணக்கு போயிற்று, "இம்மியும் பிசகாமல்" மட்டும் நின்றது. ஜப்பானியனுக்கு நம்பிக்கை இழையாகத் தெரிகிறது, பிரெஞ்சுக்காரனுக்கு வெளிச்சமாக. இழை என்றால் பிடித்துத் தொங்கலாம், அறுந்தும் போகலாம். எனக்கு என்னவோ இழைதான் சரியாகப் படுகிறது.

மனிதரை எண்ணுவதற்கு வருகிறேன். ஹோட்டலில் நுழைந்தால் "நன்மெய்சமா?" என்று கேட்பார்கள். எத்தனை பேர் என்று அர்த்தம். அதில் உள்ள 'மெய்' என்பதை எழுதும் எழுத்துக்குப் 'பெயர்' என்று பொருள். இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாமும் "எத்தனை பேர்?" என்றுதானே கேட்கிறோம்? பேர் என்றால் பெயர். கல்யாணப் பந்தியில் "இன்னும் நாலு பேர் இருக்காங்க" என்னும்போது நாலு பெயர்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத இரண்டு மொழிகள் ஆளை ஆளாக எண்ணாமல் பெயராக எண்ணுகின்றன.

உயிர் போனதும் ஜப்பானிய மொழியில் வால் மாறும். விபத்தில் இறந்தவர்களைச் செய்தியில் சொல்லும்போது மனிதர் கணக்கிலேயே சொல்வார்கள். கண்டெடுத்த உடலை எண்ணும்போது 'தாய்' என்ற வால் வரும். நம் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும், அவர்கள் மொழியில் அதற்கு உடம்பு என்று பொருள். பொம்மை, சிலை, இவற்றையும் அதே வாலால்தான் எண்ணுவார்கள். மனித உருவம் உண்டு, மனிதர் இல்லை.

என் மனைவி போனது இங்கே ஒரு மருத்துவமனையில். விடியற்காலை. கீழ்த்தளத்துக்குப் போனேன். அங்கே இருந்த பையன் தூக்கக் கலக்கத்தில், "மூணு பாடி இருக்கு சார். உங்களுது எது?" என்றான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, ராத்திரி முழுக்க விழித்திருப்பவன். நான் பேரைச் சொன்னேன். அவன் சீட்டைப் பார்த்து, "ரெண்டாவது" என்றான்.

ஜப்பானியர் அதோடு விடுவதில்லை. எரித்து, அஸ்தியைக் கலசத்தில் வைத்த பிறகு மறுபடியும் வால் மாறும். அப்போது 'ஹஷிரா', தூண். தெய்வங்களையும் இதே வாலால்தான் எண்ணுவார்கள். தெய்வம் மரத்தில் இறங்கித் தங்கும் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து தூண் வந்ததாகச் சொல்வதுண்டு. ஆக ஒருவர் பெயராக இருந்து, உடம்பாகி, கடைசியில் தூணாகிறார். பேத்தியிடம் இதைச் சொன்னபோது, "இதெல்லாம் பரீட்சையில வராது தாத்தா" என்றாள். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இதிலும் சண்டை இல்லாமல் இல்லை. தோக்கியோவில் உள்ள யசுகுனி ஆலயத்தில் போரில் இறந்தவர்கள் சுமார் 24 லட்சத்து 66 ஆயிரம் பேரை ஹஷிரா கணக்கில் வைத்திருக்கிறார்கள். 1978-ல் முதல்தரப் போர்க் குற்றவாளிகள் என்று தீர்ப்பு பெற்றவர்கள் முதலான 14 பேரையும் அதில் சேர்த்தார்கள். அவர்களும் தூண்கள்தானா என்று சீனாவும் கொரியாவும் இன்றுவரை கேட்கின்றன. ஒரு வாலைப் போடலாமா கூடாதா என்பதில் ராஜாங்க விவகாரமே இருக்கிறது.

என் உத்தியோகத்தில் பாதிக்கு மேல் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் கழிந்தது. ஊரில் பழைய ஆட்கள் அதை இன்னும் 'எத்தா சிவீல்' என்றுதான் சொல்வார்கள். மாதக் கடைசியில் மேலே போகும் அறிக்கையில் பிறப்பு இத்தனை, இறப்பு இத்தனை என்று வெறும் எண். வாலே கிடையாது. பதிவேடு அப்படி இல்லை. அதில் ஆளுக்கு ஒரு பதிவு, பெயருக்கென்று ஒரு கட்டம். ரயில் பாதையோரம், கடற்கரையில் என்று அடையாளம் தெரியாத பிரேதங்களும் வரும். அவர்களுக்கும் ஒரு பதிவு உண்டு. நான் சேர்ந்த புதிதில், பெயர்க் கட்டத்தில் என்ன போடுவது என்று என் சூப்பரின்டெண்டைக் கேட்டேன், ஒரு கோடு இழுத்துவிடலாமா என்று. தலைப்பாகை கட்டிய கடைசித் தலைமுறை அவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கோடு இழுக்காதய்யா. பெயர் தெரியவில்லைன்னு முழுசா எழுது. பேர் இருந்திருக்கும், நமக்குத்தான் தெரியல."