ஒலி வனையும் கலை

நரம்புக் கருவிகளுக்கு இனிமை தருவது பெரும்பாலும் அவற்றின் மரக்கூடு. தந்தியின் மெல்லிய அதிர்வை அக்கூடு பெருக்கித் தருகின்றது. மின்கிதார் பலவற்றிற்கு அத்தகைய கூடு இல்லை. திண்ணிய மரப்பலகையே அவற்றின் உடல். மின்சாரம் இன்றி அதனை மீட்டினால் அடுத்த அறையில் இருப்பவர்க்கும் கேளாது. அவ்வூமைப் பலகையே பல்லாயிரவர் கூடிய அரங்கைத் தன் குரலால் நிரப்புகின்றது. இதனை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஓர் உண்மை புலனாகின்றது. உரத்த ஒலி வேறு. நல்ல ஒலி வேறு. முன்னதை விலை கொடுத்து வாங்கலாம். பின்னதைக் குயவன் மட்கலம் வனைவதுபோல் வனைந்தே பெறல் வேண்டும்.

அவ்வொலி மூன்று நிலைகளில் உருப்பெறுகின்றது. முதலாவது பிக்கப் என்னும் சிறு கருவி. காந்தத்தைச் சுற்றி மிக மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றியிருப்பர். அதன்மேல் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகின்றது. அம்மாற்றத்தால் கம்பிச் சுருளில் மின்குறிப்பு ஒன்று பிறக்கின்றது. தந்தியைத் தாங்கும் குதிரையின் அருகே அமைந்த பிக்கப் கூரிய ஒலியைத் தரும். கழுத்தின் பக்கம் அமைந்தது கனிந்த ஒலியைத் தரும். தந்தி ஒன்றே, கேட்கும் இடம் மாறக் குரலும் மாறுகின்றது.

ஒற்றைச் சுருள் பிக்கப் அருகிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் என்னும் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். இரு சுருள்களை எதிரெதிர் முறையில் இணைத்தால், இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலியோ ஒன்றுகூடி வலுப்பெறும். ஹம்பக்கர் எனப்படும் அப்பிக்கப்பின் தடித்த குரலை இன்றும் கேட்கின்றோம்.

அடுத்தது பூஸ்டர் பெடல். காலால் மிதித்து இயக்கும் இச்சிறு பெட்டி, மின்குறிப்பை வலுப்படுத்தி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றது. மூன்றாவது நிலையாகிய ஒலிபெருக்கியின் வால்வுகளுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை மீறி வரும் அலையின் முடி வெட்டப்படுகின்றது. அப்போது மூல ஒலியில் இல்லாத புதிய மேல்சுரங்கள் தோன்றுகின்றன. ஒலி கரகரப்பும் செறிவும் பெறுகின்றது. ஏற்கெனவே எல்லையில் நிற்கும் ஒலிபெருக்கிக்குப் பூஸ்டர் தரும் வலிமை, ஓசையை மிகுதியாக்குவதினும் இச்செறிவையே மிகுதியாக்கும். பழைய பொறியாளர்கள் குற்றம் என விலக்கிய இதனைக் கலைஞர்கள் அழகாக ஏற்றனர். 1964-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்னும் இளைஞர், இக்கரகரப்பை வேண்டித் தம் சிறிய ஒலிபெருக்கியின் ஸ்பீக்கர் தாளையே சவர அலகால் கீறினார்!

இம்மூன்று நிலைகளையும் அறிந்து ஆண்டவருள் என் உள்ளம் கவர்ந்தவர், அந்நாட்டினரேயாகிய பிரையன் மே. விலையுயர்ந்த மின்கிதார் வாங்க அவர் குடும்பத்தில் வசதி இல்லை. 1963-ஆம் ஆண்டில், பதினாறு வயதில், அவர் தம் தந்தையாருடன் சேர்ந்து தாமே ஒரு கிதார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்பு அடுப்பின் சட்டமரம் அதற்குக் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளின் வில்சுருள்கள் தந்திகளின் இழுவையைத் தாங்கின. பிக்கப்புகளையும் அவரே முதலில் செய்தார். ஆயினும் தந்தியை வளைத்து இழுக்கும்போது அவை வேண்டாத ஓசை எழுப்பின. ஆதலின் அவற்றை நீக்கி, பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகள் மூன்றைப் பொருத்தினார். தம் கையால் செய்தது என்னும் பற்றினும் செவியின் தீர்ப்பே அவருக்குப் பெரிதாயிற்று.

பின்னர் மேலொலிகளை உயர்த்தும் பூஸ்டரையும் வாக்ஸ் ஏ.சி.30 என்னும் வால்வு ஒலிபெருக்கியையும் அவர் துணைகொண்டார். ஒலிபெருக்கியை முழு அளவில் வைத்துவிட்டு, கிதாரில் உள்ள குமிழைத் திருகியே ஒலியை ஆண்டார். குமிழைக் குறைத்தால் தெளிந்த நீரோடை, கூட்டினால் பேரருவி. ஆறு பென்சு நாணயம் ஒன்றே தந்தியை மீட்டும் வில்லையாயிற்று. 2002-ஆம் ஆண்டில், இரண்டாம் எலிசபெத் அரசியாரின் பொன்விழாவின்போது, பக்கிங்காம் அரண்மனையின் கூரைமீது நின்று அவர் வாசித்ததும் அந்தக் கிதாரையே. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார் என்பது வியப்பன்று. ஆராயும் கண்ணும் ஆராயும் செவியும் உடன்பிறப்புகள் அல்லவோ?

இளைஞர் பலர், பெரிய கருவி கிடைத்தால் நாமும் சிறப்போம் எனக் காத்திருக்கின்றனர். காத்திருக்கும் காலத்தில், கையில் உள்ள சிறு கருவியின் ஒவ்வோர் உறுப்பும் யாது செய்கின்றது என்று ஆராய்ந்தால், அதன் உள்ளே உறங்கும் குரல்கள் பலவற்றைக் கேட்கலாம். முதலில் விரல் செம்மை பெறுக. பிறகு செவி கூர்மை பெறுக. அவ்விரண்டும் அமைந்தவனுக்குப் பழைய அடுப்பின் மரமும் பாடும்.