சயாமுக்குப் போனவர்கள்

தாய்லாந்தில் காஞ்சனபுரி போர்க் கல்லறைக்குப் போயிருந்தேன். ஒட்ட வெட்டிய புல். வரிசை வரிசையாய்ப் பெயர் பொறித்த தகடுகள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியருக்காகச் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு மரண ரயில் பாதை போட்டுச் செத்த போர்க்கைதிகள், ஏறக்குறைய 7,000 பேர். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல். அது பிடித்திருந்தது.

415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களையும் ஆயிரக்கணக்கில் ஜப்பானியர் கொண்டுபோனார்கள். காலராவில் கொத்துக்கொத்தாக மாண்டார்கள். கைதிகளைவிடப் பல மடங்கு செத்தவர்கள் ஆசியக் கூலிகள்தான். அவர்களில் ஒருவர் பெயரும் இங்கே இல்லை. கைதிகளின் சாவை அவர்களுடைய அதிகாரிகள் ஒளித்தாவது எழுதிவைத்தார்கள். கூலிக்கு யார் எழுதுவது?

மலேசிய நண்பர்களே, உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தா இருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கீழே எழுதுங்கள்.