ஹெட்போன் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு



கோயம்புத்தூர் ஹெட்போன் கூட்டத்தில் எடுத்த படத்தைப் போட்டதும், "சார், எங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த மாதம் மறுபடியும் கூடுகிறோம். வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வாத்தியார் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இது கடை அல்ல. இருபது முப்பது பேர் அவரவர் ஹெட்போனையும் ஆம்ப்ளிஃபயரையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். மற்றவர்கள் முறை வைத்துக் கேட்கலாம். கொலு பார்க்கப் போன வீட்டில் எப்படி நடந்துகொள்வோமோ அப்படித்தான் இங்கேயும். கேட்காமல் எதையும் தூக்கக் கூடாது. உட்கார்ந்ததுமே விலை விசாரிக்கக் கூடாது. "இதுல உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகமே மலர்ந்துவிடும்.

அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம். ஹெட்போனின் மெத்தை எண்ணெயையும் விபூதியையும் உறிஞ்சிக்கொள்ளும். ஜிமிக்கி, தோடு போட்டிருப்பவர்கள் கழற்றி வைத்துவிடுங்கள், மெத்தை கிழியும். காதுக்குள் செருகும் இயர்போனைக் கேட்க ஆசையிருந்தால் ரப்பர் முனையை நீங்களே வாங்கி வாருங்கள். சளி, காதில் சீழ், காதுவலி இருந்தால் அந்த மாதம் வீட்டிலேயே இருந்துவிடுவது நல்லது.

நன்றாகப் பழகிய நான்கைந்து பாட்டுகளைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிக்னலை நம்ப முடியாது. தெரியாத பாட்டைக் கேட்டால் பாட்டைத்தான் எடைபோடுவீர்கள், கருவியை அல்ல. ஒரு குரல், ஒரு மிருதங்கம், ஒரு வயலின் இருந்தால் போதும். மிருதங்கத்தின் இடப்பக்கத்துத் தொப்பியில் அடிச்சத்தம் எப்படி இறங்குகிறது, வலந்தலையில் மேல்சத்தம் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்று கவனியுங்கள். 3.5 மில்லிமீட்டர் பின்னை 6.35 மில்லிமீட்டர் துளையில் செருக ஓர் அடாப்டரும் பையில் இருக்கட்டும்.

இப்போது முக்கியமானது. ஹெட்போனை மாட்டும் முன் வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மாட்டிய பிறகு மெதுவாக ஏற்றுங்கள். எழும்போதும் குறைத்துவிட்டு எழுங்கள். காரணம் பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதிதான். 1997-ல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600-ன் மின்மறுப்பு 300 ஓம். அதற்குத் திருகிய குமிழை அப்படியே விட்டுவிட்டு, அதே துளையில் 16 ஓம் இயர்போனைச் செருகினால் அடுத்தவர் காதில் இடி விழும். ஜப்பானின் ஸ்டாக்ஸ் மாதிரி மின்னிலை ஹெட்போன்கள் 580 வோல்ட்டில் ஓடுபவை. அதை உரிமையாளரே மாட்டிவிடட்டும். காதோடு சேர்த்து அழுத்தவும் வேண்டாம், உள்ளே இருக்கும் சவ்வு மிக மெல்லியது.

ஒருவர் பத்து நிமிடம் கேட்டால் போதும், பின்னால் ஆள் நிற்கும். முதுகு திறந்த ஹெட்போனில் வெளிச்சத்தமும் உள்ளே வரும் என்பதால், போன் வந்தால் வெளியே போய்ப் பேசுங்கள்.

இனிச் சொல்லப்போவதை, சம்பந்தப்பட்டவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். போன கூட்டத்துக்கு என்னோடு வந்தவன் நம் பள்ளியில் படித்தவன், குமாரபாளையத்தில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவன். "இப்பல்லாம் யாரும் வாயத் தொறந்தே பேசறதில்ல சார்" என்று இரண்டு வருடமாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தான். அங்கே ஒரு பையன் கீழிருந்து மேலே போகும் சோதனை ஒலியைப் போட்டான். கேட்கிறவரை கையைத் தூக்கியிருக்க வேண்டும். என் கை 9000 ஹெர்ட்ஸில் இறங்கியது. அவன் கை 3000-லேயே இறங்கிவிட்டது. பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அண்ணா, எத்தன வருசமாத் தறி ஓட்டறீங்க?" என்று பக்கத்தில் உட்கார்ந்தான். பேச்சில் ச, ஸ, த போன்ற ஒலிகள் அந்த மேல் அதிர்வெண்களில்தான் இருக்கின்றன. ஆக, யாரும் முணுமுணுக்கவில்லை, சொற்களில் பாதிதான் இவனை எட்டியிருக்கிறது. மறுவாரம் காது பரிசோதனைக்குப் போனான். இப்போது கருவி வைத்திருக்கிறான். பேத்தியோடு போனில் பேசுகிறான்.

உள்காதின் மயிர்ச்செல்கள் போனால் போனதுதான், மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். தறிக்கூடத்தில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். பஸ்ஸில் வெளிச்சத்தத்தை அமுக்க இயர்போனை ஏற்றுகிற பிள்ளைகளும் அங்கேதான் போய் நிற்பார்கள்.

அதனால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வீட்டில் தறி, மில், லேத் பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். பாட்டுக் கேட்கலாம் என்று கூப்பிட்டால் வருவார், பரிசோதனைக்கு என்றால் வரமாட்டார்! ஞாயிற்றுக்கிழமைக்குள் எத்தனை பேர் என்று சொல்லுங்கள், நாற்காலி போட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்